வள்ளம் வரும்வரை மூடிய சட்டி

கனடாவிலிருந்து மகள் கொண்டுவந்த அவரை அடைத்த தகரப் பேணியைத் திறந்ததும் எழுந்த புகை மணம், இப்போது பற்றை மூடிக் கிடக்கும் எங்கள் வல்வெட்டித்துறைக் குசினிக்கு என்னைக் கொண்டுபோனது, எங்கள் அம்மாவின் கைக்கு அது கிட்டவும் வராது என்றாலும். அப்பா கடலுக்குப் போன நாட்களில் அம்மா கௌபிப் பயறைப் பனங்கட்டியோடு சட்டியிலிட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டைத் தணலுக்குள் புதைத்துவிடுவார். தணல் மெல்ல வெடிக்க, பனங்கட்டி விளிம்பில் பொரிய, வீடே புகைந்து மணக்கும், ஆனால் அப்பாவின் வள்ளம் கரைக்கு வரும்வரை மூடியைத் திறப்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை.

"பசிக்குதம்மா."

"கொப்பர் வரட்டும், பொறடி."

ஒருநாள் மற்ற வள்ளங்களெல்லாம் வந்து, கரையும் வெறிச்சோடிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "கருகி மணக்குது, இறக்கன் பிள்ளை" என்றார்.

"அவர் இன்னும் வரேல்லை, மாமி" என்று சொல்லிவிட்டு, அம்மா இன்னொரு பொச்சுமட்டையைத் தணலில் வைத்தார்.