இரண்டு பேர் பேசிய பாஷை

என் அம்மாவும் சின்னம்மாவும் தங்களுக்கென்று தனியாக ஒரு பாஷை வைத்திருந்தார்கள். கேரி தீவில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் தமிழ், தெலுங்கு, மலாய், துரை பேசிய இங்கிலீஷ் என்று ஏற்கெனவே நாலு பாஷை புழங்கிக்கொண்டிருந்தது. இது ஐந்தாவது. பேசியவர்கள் இரண்டே பேர். அதற்கு இலக்கணம் கண்டுபிடித்தவள் எட்டு வயதுப் பெண்ணான நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெருமையால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

அம்மாவுக்குப் பதினொரு வயதும் சின்னம்மாவுக்கு ஐந்து வயதும் இருக்கும்போது தாத்தாவும் பாட்டியும் அவர்களைக் கப்பலில் கூட்டிவந்தார்களாம். கரை இறங்கியதும் நோய்நொடி இருக்கிறதா என்று பார்க்க எல்லாரையும் ஒரு முகாமில் அடைத்துப்போட்டார்கள். ஒரே கொட்டகையில் நூறு பேர். பக்கத்தில் படுத்திருப்பவர் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. அங்கே பொழுதுபோகாமல் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிய பாஷை அது. பிறகு தோட்டத்துக்கு வந்து, மலேரியாவில் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய், அம்மாவை என் அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். தங்கையும் கூடவே வந்தாள். அக்காள் கொண்டுவந்த சீதனம் என்று அப்பா அவளைக் கேலி செய்வார்.

அப்பா கங்காணி. நாற்பது ஆட்களை அவர் மேய்த்தார். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக் களத்தில் அவர் பேர் கூப்பிடும் சத்தம், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கே கேட்கும். வீட்டில் பெண்கள் குசுகுசுவென்று பேசினால் அவருக்கு ஆகாது, விறகுக்கட்டை பறந்துவரும். அதனால் அவர்கள் குசுகுசுக்கவில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே, அவர் எதிரிலேயே உரக்கப் பேசினார்கள். அப்பா அதைச் சின்ன வயசுப் பழக்கம், அர்த்தமில்லாத உளறல் என்று விட்டுவிட்டார். அவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘மம்பா’. நாளைக்கு இருபது தடவை அந்தச் சொல் காதில் விழும். அவர் பாட்டுக்கு மீசையில் ஒட்டிய ரசத்தைத் துடைத்துக்கொண்டு மோர் கேட்பார்.

தமிழில் இல்லாத ஒலிகள் அதில் இருந்தன. நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தால் வரும் ‘ட்ச்’ என்ற சத்தம், பல்லி சொல்வது போல, ‘இல்லை’ என்பதைக் குறிக்கும். பேச்சின் முதலில் அதைப் போட்டுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் மறுப்பாகிவிடும். வினைதான் முதலில் வரும், பிறகு ஆள், பிறகு இடம், கடைசியில் பொழுது. நடந்து முடிந்ததைச் சொல்ல வேண்டுமானால் வினைக்கு முன்னால் மூக்கால் ஒரு மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இனி நடக்கப்போவதற்கு வினையை இரண்டு தடவை சொல்ல வேண்டும். ‘சிலு’ என்றால் போவது. ‘சிலுசிலு’ என்றால் போகப்போவது. கேள்விக்குச் சொல்லே கிடையாது, புருவத்தைத் தூக்கினால் போதும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு நானே கண்டுபிடித்தேன். ஒரு சொல் பிடிபட்டால் ஒரு கூழாங்கல்லைக் கொட்டாங்கச்சியில் போடுவேன். மழை விடும்போது இரண்டு கொட்டாங்கச்சி நிரம்பியிருந்தது.

ஒரு நாள் ஆசையை அடக்க முடியாமல் சின்னம்மாவிடம் அந்தப் பாஷையில் ஏதோ சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். கிளி போலத் திருப்பிச் சொல்கிறேன் என்று நினைத்தார்கள்போல. அப்புறம் அம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு, “இது ஒனக்கு வேணாம். போயி கோழியப் பாரு” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்டு வந்தவளை வாசலோடு திருப்பி அனுப்பினால் யாருக்குத்தான் வராது?

அந்த வருஷம் அப்பா சின்னம்மாவுக்குக் கல்யாணம் பேசினார். மாப்பிள்ளை எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி. வயது ஐம்பதுக்கு மேல். இரண்டு பெண்டாட்டிகளைப் புதைத்தவர். அவர்கள் எப்படிப் போனார்கள் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சின்னம்மாவுக்குப் பத்தொன்பது வயது. கிள்ளான் பட்டணத்தில் ஒரு பாதிரியம்மா ஆதரவற்ற பெண்களை வைத்துத் தையல் சொல்லித்தருகிறார் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பம் என்ற மலாய் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் சம்பான் படகில் மீன் கொண்டுவருவார். மத்தியானம் அவர் திரும்பும் நேரத்தில் ஆண்கள் எல்லாரும் கள்ளுக்கடையில் இருப்பார்கள். சனிக்கிழமை காலையில் தேங்காய் துருவிக்கொண்டே சின்னம்மா அம்மாவிடம் சொன்னாள்: “சிலுசிலு ஊனி கெப் பிரா.” போகப்போகிறேன் நான் படகில் நாளை. அம்மா அரிவாள்மனையை விட்டு எழுந்து போய்த் தன் நல்ல சேலை ஒன்றை எடுத்து மடித்துக் கொடுத்தாள். சின்னம்மா கிள்ளான் பாசாரை, அந்தச் சந்தைக் கடைகளைச் சுற்றிப்பார்க்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவைச் சாப்பிடக் கூட்டிவரச் சொல்லி அம்மாதான் என்னைக் கள்ளுக்கடைக்கு அனுப்பினாள். அப்பாவும் பெரிய கங்காணியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் ஆட்கள்.

“என்னா கங்காணி, ஒன் வூட்டுல ரெண்டு குருவி கீச்சு கீச்சுன்னு கத்துதாமே? கட்டிக்கிட்டு வந்தா என் வூட்டுலயும் கத்துமா?” என்று பெரிய கங்காணி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “சும்மா ஒளறல்ண்ணே. அர்த்தம் ஒண்ணும் கெடையாது” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இருக்குப்பா! அது பாஷை. எனக்குத் தெரியும்” என்றேன்.

“பொய் சொன்னே, பல்லத் தட்டிப்புடுவேன்.”

“விடு லா, புள்ளைய” என்றார் பெரிய கங்காணி. “ஒண்ணு சொல்லு பாப்பா, கேப்போம்.”

என்னிடம் எத்தனையோ இருந்தன. சோறு வெந்தது, நாய் வந்தது என்று எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் முதன்முதலாக என் வித்தையைப் பார்க்க ஒரு சபை கூடியிருக்கிறது. இருப்பதிலேயே நீளமானதை, அன்று காலையில் கேட்ட புத்தம்புதியதைச் சொன்னேன். சொல்லிவிட்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து அர்த்தமும் சொன்னேன். வினையை ஏன் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பதையும் விளக்கினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா, “யாரு போறேன்னு சொன்னா?” என்று மெதுவாகக் கேட்டார். சின்னம்மா என்றேன். அவர் பெரிய கங்காணியைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடையில் ஒரு பொட்டலம் பெப்பர்மின்ட் வாங்கி என் கையில் வைத்து, “கெட்டிக்காரி. வூட்டுல மூச்சு விடாத” என்றார். அவர் என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் மத்தியானம் சின்னம்மா சேலையைக் குடத்துக்குள் அமுக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறவள் மாதிரி இறங்கிப் போனாள். கள்ளுக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன அப்பா, இரண்டு ஆட்களோடு படகுத்துறையில் நின்றிருக்கிறார். லயத்தின் நடுவழியாக அவளை முடியைப் பிடித்து அடித்து இழுத்துவந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. எல்லாரும் அப்பாவுக்குக் கீழே பேர் கொடுத்தவர்கள்; ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். படகில் போவதற்கு எதற்கு இவ்வளவு அடி என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா அவளை அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வெளியே போனார். அம்மா என்னிடம் வந்து குனிந்தாள். என் வாயிலிருந்து பெப்பர்மின்ட் வாசனை வந்திருக்க வேண்டும்.

“யாரு குடுத்தா?”

“அப்பா.”

“எதுக்கு?”

நான் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அடிப்பாள் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினார்கள். தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போன சின்னம்மா ஒரு தடவைகூட எங்கள் வீட்டுக்கு வரவில்லை, வர விடவில்லை. அடுத்த மழை தொடங்கும்முன் செத்துப்போனாள். காய்ச்சல் என்று சொன்னார்கள். உடம்பைக் குளிப்பாட்டியது அம்மாதான்.  கழுத்து வரைக்கும் சேலையை இறுக்கிச் சுற்றிவிட்ட பிறகுதான் மற்றப் பெண்களை உள்ளே விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அடுப்படியில் இருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, தண்ணீர் கொண்டு வா என்று அந்தப் பாஷையில் சொன்னாள். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து தினமும் பேசினாள். நான் தப்பாகச் சொன்னால் திருத்தினாள். எனக்குத் தெரியாத சொற்களைச் சொல்லிக்கொடுத்தாள். சின்னம்மாவின் இடம் எனக்குக் கிடைத்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. சின்னம்மா செத்த துக்கத்தை அந்தச் சந்தோஷம் மூடிவிட்டது.

பதினாறு வயதில் நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயில்வேக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் வரை அம்மா என்னோடு அப்படித்தான் பேசினாள். உப்பு குறைச்சல். மழை வரும். கோழியை அடை. விறகு ஈரம். அப்பா பக்கத்தில் இருந்தாலும் அதுதான், இல்லாவிட்டாலும் அதுதான். பயத்துக்கு என்ன சொல் என்று ஒரு தடவை கேட்டேன். அப்படி ஒரு சொல் கிடையாது என்றாள். துக்கத்துக்கு? அதுவும் கிடையாது. இரண்டு சிறுமிகள் உண்டாக்கியதுதானே, சின்னப் பாஷை, குறைப்பட்ட பாஷை என்று நானும் முடிவு கட்டிக்கொண்டேன். அப்பாவிடமிருந்து எதையெல்லாம் மறைத்தாளோ அதையெல்லாம் அவள் என்னிடமிருந்தும் மறைத்துக்கொண்டிருந்தாள் என்பது, அவள் கைச் சோற்றைத் தின்ற அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குப் புரியவில்லை.