ரோமப் பேரரசர்களுக்கு ஒரு மன்றாட்டு

ஒரே ஒரு பேப்பர் என் வாழ்க்கையை நிறுத்தி வைத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படித்தேன். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டேன். ரோமப் பேரரசு வரலாற்றில் மட்டும் மறுபடி மறுபடி தோற்றேன். அடுத்த தேர்வுதான் கடைசி வாய்ப்பு, அதுவும் போனால் பட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பாம்பனில் எங்கள் சொந்தக்காரர்கள், “இறால் கம்பெனிக்கு ஆள் எடுக்குறாக, அனுப்பிவிடு” என்று அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். அய்யா இறந்தபின் மீன் கூடை சுமந்து என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. அந்தக் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

அன்பியக் குழு உறவுகளே, நான் மக்கு இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. நமக்குப் பேரரசர்களைக் கோயில் சுவர்ப் படங்களிலிருந்தே தெரியும். தலைகீழாகச் சிலுவையில் தொங்கும் இராயப்பர், அதாவது பேதுரு; அம்பு தைத்த செபஸ்தியார். அவர்களைக் கொன்றவர்களின் வரி வசூலையும் நிர்வாகத்தையும் உட்கார்ந்து படிக்க எனக்கு மனசே வரவில்லை. புத்தகத்தைத் திறந்தாலே ஆத்திரம். நீரோவின் ஆட்சியை மதிப்பிடுக என்று கேட்டால், இராயப்பர் செத்த கதையை எழுதி, அவனை நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். யார் மார்க் போடுவார்?

அந்தத் தவக்காலம் முழுவதும் அந்தோனியாரிடம் ஒரே மன்றாட்டு. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் ஆயிற்றே, என் படிப்பையும் கண்டுபிடித்துத் தாரும் என்று கெஞ்சினேன். பேரரசர்களின் பெயர் வரிசைகூட மனதில் நிற்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் செபமாலை சொல்லி முடித்தோம். மீன் விற்றுவந்த அலுப்பில் அம்மா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். நான் பக்கத்தில் புத்தகத்தோடு இருந்தேன். வாய்க்குப் பழகிய ராகம் எது? ஒருவர் புனிதரின் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்லும் மன்றாட்டு மாலைதான். அந்த ராகத்திலேயே பெயர்களை இழுத்துப் பார்த்தேன்.

“அகஸ்டஸே...” என்றேன்.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

அத்தனை வருசப் பழக்கம். எந்தப் பெயரைச் சொன்னாலும் பதில் தானாக வந்துவிடும். டைபீரியஸ், காலிகுலா, கிளாடியஸ் என்று எல்லோரையும் எங்களுக்காக வேண்டச் சொல்லிவிட்டார். “நீரோவே...” என்றதும் பதில் வந்தது. கூடவே கண்ணும் திறந்தது.

“யாருத்தா அது?”

“இராயப்பரைக் கொன்னவன்ம்மா.”

அம்மா பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திட்டு விழும் என்று பார்த்தேன். அவரோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பாவிக்குன்னு யாராச்சும் வேண்டிருப்பாகளா?”

“அவனுக்கு யாரும்மா வேண்டுவா?”

“அப்ப நாம வேண்டுவோம். மொதல்ல இருந்து சொல்லு. நான் ‘இவர்மேல் இரக்கமாயிரும்’னு சொல்றேன்.”

என் மன்றாட்டுக்குப் பதில் அந்த நேரத்தில்தான் வந்தது. அன்று முதல் செபமாலைக்குப் பிறகு தினமும் பேரரசர்களுக்காக வேண்டினோம். அம்மா சும்மா விடமாட்டார். “இவரு என்ன செஞ்சாரு? இவரை ஏன் கொன்னாக?” என்று துளைத்தெடுப்பார். ஆளைப் பற்றித் தெரியாமல் எப்படி வேண்டுவது என்பது அவர் கட்சி. அவருக்குப் பதில் சொல்வதற்காகவே படித்தேன். ஒருவருக்காக வேண்டிக்கொண்டே அவரை வெறுக்க முடியவில்லை. ஆத்திரம் போனது, பாடம் மனதில் தங்கியது.

தேர்வு நாள் வந்தது. நீரோவுக்குப் பின் ஒரே ஆண்டில் நான்கு பேர் அரியணையில் இருந்த குழப்பத்தை விளக்குக என்று கேள்வி. எல்லாம் மறந்துபோனது. ‘அந்தோனியாரே, கைவிடாதேயும்’ என்றேன். அம்மாவின் குரல் காதில் கேட்டது. கால்பா, இவர்மேல் இரக்கமாயிரும். ஓத்தோ, இவர்மேல் இரக்கமாயிரும். விட்டேலியஸ், வெஸ்பாசியன். வரிசையாக வந்து நின்றார்கள். அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதினேன். நல்ல மார்க்கில் தேறினேன்.

இன்று ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். ஆண்டவருக்குக் கோடி நன்றி. உங்களுக்கும் ஏதாவது ஒரு காரியம் நகராமல் கிடந்தால், நம்பிக் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்காகவும் சேர்த்துக் கேளுங்கள். ஆண்டவர் கேட்பார், எனக்குச் சந்தேகமே இல்லை.

போன கல்லறைத் திருநாளில் அய்யாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிய பிறகு, அம்மா ஓரமாக மணலில் இன்னொன்றை நட்டார். யாருக்கு என்று கேட்டேன்.

“நீரோவுக்குத்தான். அவனுக்கு நம்மள விட்டா யாரு இருக்கா?”