'சஃபர்' என்ற சொல்லோடு பட்ட பாடு

இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவனைச் சின்னச் சொற்கள்தான் காலை வாரிவிடும். சாக்பீஸ் தூசி தின்ற வாத்தியார்களே, உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். மொரிஷியஸ் சுதந்திரத்துக்குச் சில வருடம் முன்பு, அங்கே வக்குவா ஊரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தினேன். தேர்வில் பைபிளும் உண்டு. நாங்கள் தீவின் மொழியான கிரியோலில் பேசிக்கொண்டதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்; 'ஐயா' என்பதற்கான 'மிஸ்யே' மட்டும் அப்படியே இருக்கிறது.

மூடிய புத்தகம்

குழந்தைகளை ஏசு தம்மிடம் அழைக்கும் இடம். பழைய இங்கிலீஷ் பைபிளில் அந்த வரி 'சஃபர்' என்று தொடங்கும். கிரியோலிலும் ஏறக்குறைய அதே ஓசையில் ஒரு சொல் உண்டு. துன்பப்படுவது என்று அர்த்தம். தபால்காரர் சிங்காரம் புத்தகத்தை மூடிவிட்டார். "பிள்ளைங்க கஷ்டப்பட்டுத்தான் அவர்கிட்ட வரணுமா, மிஸ்யே?"

அந்தக் காலத்தில் அதற்கு 'தடுக்காமல் விடு' என்றும் பொருள் இருந்தது, குழந்தைகளை வரவிடுங்கள் என்றுதான் சொல்கிறார் என்று விளக்கினேன். சிங்காரம் புத்தகத்தைத் திறந்தார்.

"அப்படின்னா சரி. நல்ல மனுஷர்தான்."

சுவரில் மாட்டிய வரி

வகுப்பு முடிந்ததும் செல்லம்மா என் மேசையருகே வந்தார். இங்கிலீஷ்காரர் வீடு ஒன்றில் சமையல் வேலை அவருக்கு. அங்கே குழந்தைகள் அறைச் சுவரில் இதே வரியைத் துணியில் தைத்து, சட்டம் போட்டு மாட்டியிருந்தார்களாம். செல்லம்மாவின் முதல் குழந்தை மலேரியாவில் இறந்துபோனது. துன்பப்பட்ட பிள்ளைகளைக் கூப்பிடும் வரி என்று நம்பி, அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைத்து வந்திருக்கிறார்.

 செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போய்ச்சேர்ந்த பெரியவனை ஏசு பார்த்துக்குவார். சின்னவளைக் காலேஜுக்கு அனுப்ப மாட்டேன்னு என் வீட்டுக்காரர் நிக்கிறார். தடுக்காதேன்னு அவருக்குத்தான் யாராவது சொல்லணும், மிஸ்யே."

கதவருகே வந்தவர்

அடுத்த வாரம் அவர் கணவர் முருகேசன் வந்து வகுப்பின் கதவருகே நின்றார். கரும்பு லாரி ஓட்டுபவர். தோள் கதவை அடைத்தது. "கிறிஸ்தவங்க வேதத்துல என்னைப் பத்தி எழுதியிருக்காமே?"

 உட்காரவைத்து வரியைப் படித்துப் பொருள் சொன்னேன். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். மகள் போர்ட் லூயிஸ் வரை பஸ்ஸில் தனியாகப் போகவேண்டுமே என்பதுதான் அவர் பயம். தன் மகளும் அதே பஸ்ஸில்தான் போகிறாள், பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள் என்றார் சிங்காரம். முருகேசன் எழுந்தார்.

"நான் எங்கே தடுத்தேன், மிஸ்யே? யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அந்த வருடத் தேர்வில் 'சஃபர்' பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை என்றாலும், நான் உருப்படியாக நடத்திய பாடம் அது ஒன்றுதான்.