லண்டனிலிருந்து முப்பத்தைந்து நிமிடம்

சனிக்கிழமை காலை ஏழேகால். சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தவை இரண்டு உள்ளங்கால்கள். ஆஸ்திரேலியாவில், கிளேட்டனில் என்னோடு வாடகை வீட்டைப் பகிர்ந்துகொண்ட யாழ்ப்பாணத்து எஞ்சினியர், தரையில் மண்டியிட்டு, அட்லஸின் மேல் தையல் நூலை இழுத்துப் பிடித்திருந்தார். எழுபதுகளின் நடுவில் ஒரு ஜனவரி. அந்த நேரத்திலேயே வீட்டுக்குள் வெக்கை.

அடுத்த வாரத் திங்கட்கிழமை அவர் தங்கைக்கு பிராங்க்ஃபர்ட்டில் கல்யாணம். அப்பா காலமாகிவிட்டதால் இவர்தான் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். முகூர்த்தம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. மலிவு டிக்கெட் லண்டனோடு முடிந்துவிடும். அன்று அதிகாலை அங்கே இறங்கி வேறு விமானம் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்கு ஒன்று இருந்தது, ஒன்பதரைக்கு ஒன்று.

எட்டு மணி விமானத்தை அவர் பரிசீலிக்கவே இல்லை. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம் என்று சுவரில் தொங்கிய நாட்காட்டி சொன்னது. யாழ்ப்பாணத்தில் அச்சானது. ராகு காலத்தைச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிட வேண்டும், ஜனவரியில் லண்டனில் எட்டு மணிக்குத்தான் சூரியன் எழும் என்பதெல்லாம் அதன் பொறுப்பில் இல்லை.

"ஒன்பதரைக்கு ஏறினா முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியுமா அண்ணே?"

"முப்பத்தைஞ்சு நிமிசம் தம்பி. பாரும்."

விமான நேரக் கையேட்டில் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து திரும்பும் வரியைக் காட்டினார். புறப்பாடு பத்து, லண்டன் சேர்வது பத்து முப்பத்தைந்து. போனாலும் வந்தாலும் ஒரே தூரம்தானே, போகும் பக்கத்தை எதற்குப் புரட்டுவது? பொறியியல் படித்தவர்களின் சிக்கனம் அது.

"அது அந்தந்த ஊர் நேரம். ரெண்டு ஊருக்கும் ஒரு மணி நேர வித்தியாசம் இருக்கு. இங்கேயிருந்து சிட்னிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுதே!"

"இது அவுஸ்திரேலியா, எல்லாம் ஆறுதலா, மெதுவாத்தான் நடக்கும். ஜெர்மன்காரன்ர பிளேன் எண்டா சும்மாவே?" நூலைச் சுருட்டினார். "புத்தகத்தில போட்டவனை விட உமக்குத் தெரியுமோ?"

டிக்கெட்டில் புறப்படும் நேரம் மட்டுமே எழுதியிருந்தது. அதை அவர் சாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டார்.

திரும்பி வந்தவர் பயணத்தைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான். ஒன்பதரை விமானம் ஒரு நிமிடமும் பிந்தாமல் புறப்பட்டு, ஒரு நிமிடமும் பிந்தாமல் பிராங்க்ஃபர்ட்டில் பன்னிரண்டு மணிக்கு இறங்கியதாம். ஜெர்மன்காரர்களைப் பற்றி அவர் சொன்னது பொய்க்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் காத்திருக்கேல்லையா?" என்று அவர் பேச்சு வழக்கிலேயே கேட்டேன்.

"முகூர்த்தம் தவறக்கூடாதெல்லே" என்றபடி ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தார்.

படத்தில் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுப்பவர், மாப்பிள்ளை குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். ஜெர்மன்காரர். கோட்டின் மேல் பட்டுச் சால்வை போர்த்தியிருந்தார்.