க்ராப்பிக்கு மஞ்சள் நரம்பு

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். இர்விங்கில் அபார்ட்மென்ட் எடுத்துக்கொண்டு தினமும் பிளானோவுக்கு டோல்வேயில் வந்து போகிறவர்.

"சார், நீங்க ஃபிஷிங் போவீங்களாமே? க்ராப்பிக்கு எந்த லைன் சார் வாங்கணும்? கடையில ஒரு சுவர் ஃபுல்லா தொங்குது. பார்த்தாலே தலை சுத்துது" என்றார்.

நியாயமான கேள்வி. க்ராப்பி என்றதும் தலைமுடி வெட்டுகிற கிராப்பு ஞாபகம் வரும். இது மீன். டெக்சாஸ் ஏரிகளில் எக்கச்சக்கம். விரித்த உள்ளங்கை அகலம், வெள்ளி உடம்பு, அதில் பேனாவை உதறினாற்போல் கறுப்புப் புள்ளிகள். வாய் மட்டும் காகிதம். வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும், மீன் போய்விடும்.

"ஆறு பவுண்டு மோனோ வாங்குங்க. போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மோனோ என்பது தூண்டிலில் கட்டுகிற ஒற்றை நைலான் இழை, ஆறு பவுண்டு அது தாங்கும் எடை.

உண்மையில் அந்தக் கேள்விக்கு இந்த வசந்தகாலம் முழுக்க நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் சாம்பார் சாதத்துக்கு நடுவில் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

ஜமால் என் நண்பர். பல் டாக்டர். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம், கடலோரம். பிளானோவில் ஒரு ஸ்ட்ரிப் மாலில், இந்தியன் க்ரோசரிக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவே அவருடைய கிளினிக். ரிசெப்ஷனில் அவர் மனைவி ஷமீமா. உள்ளே ஜமால். கை என்றால் அப்படி ஒரு கை. ஊசி போட்டு முடித்த பிறகு, "எப்ப டாக்டர் போடுவீங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் அவருக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன். பிறகு கீமோ. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன அன்று ஷமீமா எங்கள் வீடு வரை வந்து இனிப்புக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று அழுதார்.

ஒரே ஒரு பாக்கி. அந்த மருந்து ஜமாலின் விரல்களை மரமரக்கச் செய்திருந்தது. "சிலருக்குச் சரியாகும், டைம் எடுக்கும்" என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

"விரல் எப்படி பாய் இருக்கு?"

"இம்ப்ரூவிங்."

யார் கேட்டாலும் அதே பதில். ஷமீமாவுக்கும் அதே பதில்தான். அவரும் நம்பி, மே மாதத் தேதிகளுக்கு ஜமால் பெயரில் அப்பாயின்ட்மென்ட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பழைய பேஷன்ட்டுகளுக்கெல்லாம் மெசேஜ் போனது. எனக்கும் வந்தது. 'டாக்டர் ஜமால் திரும்ப வருகிறார்!' பக்கத்தில் சிரிக்கும் ஒரு பல்லின் படம்.

மார்ச் கடைசியில் ஷமீமா எனக்கு ஃபோன் செய்தார். "அண்ணே, நாள் முழுக்க ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்காரு. நீங்க மீன் பிடிக்கப் போவீங்கல்ல... இவரையும் கூட்டிட்டுப் போங்களேன்."

கூட்டிக்கொண்டு போனேன்.

பிளானோவில் இருந்து கிழக்கே முக்கால் மணி நேரம் ஓட்டினால் அந்த ஏரி. அணை கட்டித் தேக்கிய தண்ணீர். அப்போது மூழ்கிய மரங்கள் இன்னும் நின்றபடியே இருக்கின்றன. இலை கிடையாது, பட்டை கிடையாது. சாம்பல் நிறத்தில் உச்சிகள் மட்டும் தண்ணீருக்கு வெளியே. விடிந்து கொஞ்ச நேரம் வரை மூடுபனி விலகாது. மரங்கள் எங்கே முடிகின்றன, அவற்றின் நிழல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. கரையில் இருந்து ஒரு நடைபாலம். அதன் முனையில் மிதக்கும் மேடை. அதன் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், எங்கோ ஒரு படகு போன அலை வெகுநேரம் கழித்து வந்து நம்மை மெதுவாகத் தூக்கி இறக்கும். படகு அதற்குள் கண்ணிலேயே இருக்காது.

ஜமால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இங்க சத்தமே தூரமாத்தான் கேக்குது, இல்ல?" என்றார்.

அவருடைய தூண்டிலுக்கு நான் சுற்றியிருந்தது நாலு பவுண்டு ஃப்ளூரோகார்பன். தண்ணீருக்குள் போனால் கண்ணுக்கே தெரியாது. மீனும் பார்க்காது. நிறைய யோசித்துத்தான் வாங்கினேன்.

ஜமால் அதை விரலில் எடுத்துப் பார்த்தார். "எங்க ஊர்ல இதுக்கு நரம்புன்னுதான் பேரு. தூண்டில் நரம்பு."

சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். நான் தெர்மாஸைத் திறந்தேன்.

அன்று மீன்கள் ஆழத்தில், மூழ்கிய கிளைகளுக்கு நடுவே இருந்தன. அந்த ஆழத்துக்கு மிதவை உதவாது. ஜிக் என்று ஒரு சின்ன ஈயக் குண்டு, அதில் கொக்கி, கொக்கியை மறைக்கக் கொஞ்சம் இறகு. அதை நேராக இறக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். க்ராப்பி கடிப்பதும் பெரிய கடி இல்லை. யாரோ சட்டை நுனியைத் தொட்டது போல ஒரு 'டிக்'. அவ்வளவுதான். அதைக் கை பிடித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு டிக் டிக் என்று வந்துகொண்டே இருந்தது. ஜமாலுக்கு ஒன்றும் வரவில்லை. அவர் தூண்டிலை வெளியே எடுக்கும்போதெல்லாம் இறகு மட்டும் கலைந்திருந்தது.

சரி, லைன்தான் தப்பு என்று முடிவு செய்தேன். அடுத்த சனிக்கிழமைக்கு பிரெய்டு வாங்கினேன். நூல் நூலாகப் பின்னியது, துளியும் நீளாது. அடியில் மீன் தும்மினால்கூட மேலே தெரியும் என்பார்கள்.

இப்போதும் ஜமாலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு முறை அவர் தூண்டிலின் நுனி அசைவதை நான் பார்த்துவிட்டேன். "பாய், தூக்குங்க!" என்று கத்தினேன். அவர் பதறி வெடுக்கென்று தூக்க, நீளாத அந்த லைன் மீனின் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. மீன் தண்ணீரின் மேல் ஒரு நொடி வெள்ளையாகத் திரும்பிப் படுத்தது. பிறகு இல்லை.

"போகட்டும்... வேற வரும்" என்றார். குனிந்து புது ஜிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவர் பேன்ட்டில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அவருடைய கட்டை விரலில் கொக்கி ஏறியிருந்தது. விரலோடு சேர்த்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். கவனமாக, நிதானமாக... ஒன்றுமே நடக்காதது போல.

"பாய்... ரத்தம்."

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போல.

கொக்கியை நான்தான் எடுத்தேன்.  அவர் கை அசையவே இல்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்தார்.

"இம்ப்ரூவிங் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க, எழுத்தாளரே." எப்போதும் கிண்டலாக அப்படிக் கூப்பிடுவார். அன்று கிண்டல் இல்லை. "ஆரம்பத்துல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. ஷமீமாகிட்ட சொல்லிடாதீங்க."

"மே மாசம் பேஷன்ட் வராங்களே பாய்?"

"தெரியும்."

"என்ன பண்ணப் போறீங்க?"

"அதுக்குள்ள சரியாயிடும்னு ஒவ்வொரு ராத்திரியும் நினைச்சுட்டுத் தூங்கறேன். காலைல எழுந்து சட்டை பட்டன் போடறப்போ தெரிஞ்சுடுது."

ஷமீமாவிடம் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். திரும்பி வரும்போது காரில் அவர் திடீரென்று பேசினார்.

"பல்லுல அழுக்கு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அப்போ நாங்க ஒரு சாயம் போடுவோம். அழுக்கு இருக்கற எடம் மட்டும் பளிச்சுனு செவப்பா தெரியும். குழந்தைங்க கண்ணாடியில பார்த்துட்டு அலறும்."

"ம்."

"மீன் பார்க்கக் கூடாதுன்னு நீங்க லைன் வாங்கறீங்க. நான் பார்க்கற மாதிரி ஒண்ணு வாங்குங்களேன். கலர்ல."

இரண்டு வாரமாக எனக்குத் தோன்றாதது! அப்படியே கடைக்கு வண்டியைத் திருப்பினேன். சுவரின் ஓரத்தில், கீழ் வரிசையில் இருந்தது. ஆறு பவுண்டு மோனோ. எலுமிச்சை மஞ்சள், வெயில் பட்டால் தானே எரிவது போல ஒரு மஞ்சள். மோனோ ரப்பர் மாதிரி கொஞ்சம் நீளும். காகித வாய் கிழியாது. மீன் பார்த்துவிடுமே? எங்கள் ஏரித் தண்ணீர் டீ நிறம். அடியில் இருக்கிற மீனுக்கு மஞ்சளும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஷமீமாவும் கிளம்பிவிட்டார். "அப்படி என்னதான் இருக்கு அங்க, நானும் பார்க்கறேன்." சமோசா, இஞ்சி டீ, ஒரு போர்வை. ஜமால் என்னைப் பார்த்தார். நான் ரியர்வியூ கண்ணாடியைப் பார்த்தேன்.

பனி அன்று அடர்த்தி. மேடைக்கு அப்பால் உலகமே இல்லை. அந்த வெள்ளைக்குள் ஜமாலின் மஞ்சள் நரம்பு மட்டும், யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல, தூண்டில் நுனியில் இருந்து தண்ணீர் வரை இறங்கியிருந்தது. எங்கோ ஒரு கொக்கு தொண்டையைச் செருமியது. ஷமீமா போர்வைக்குள் சுருண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது அந்தக் கோடு வளைந்தது.

க்ராப்பியின் கண் மேல்நோக்கி இருக்கும். கீழே இருந்து மெதுவாக ஏறி வந்து கவ்வும். அப்படிக் கவ்வினால் ஈயத்தின் எடை மீனின் வாய்க்குப் போய்விடும். லைன் இழுபடாது, தளர்ந்து தொங்கும். என் போன்றவர்கள் அந்தக் கடியைத் தவற விடுவதே வழக்கம், ஏனென்றால் கைக்கு எதுவும் வந்து சேராது. ஜமால் பார்த்துவிட்டார். பதறாமல், கதவை ஓசைப்படாமல் திறப்பது போலத் தூண்டிலை உயர்த்தினார்.

மீன் வந்தது. புள்ளி புள்ளியாக, நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு.

ஜமால் சிரித்தார். ஷமீமா கை தட்டினார். பிறகு இன்னொன்று. அப்புறம் ஒன்று. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷமீமாவும் பார்த்துக்கொண்டிருந்தார். மீனை இல்லை.

"என்னங்க... அண்ணன் எங்கயோ பார்த்துட்டு, கதை பேசிட்டே பிடிக்கிறாரு. நீங்க ஏன் கண்ணு கொட்டாம நூலையே பார்க்கறீங்க?"

"அவருக்குக் கையில தெரியுது" என்றார் ஜமால். வாய் தவறி வந்துவிட்டது.

"உங்களுக்கு?"

ஏரி ஒரு முறை எங்களைத் தூக்கி இறக்கியது. நான் என் தூண்டிலைச் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

"உங்களுக்குக் கையில தெரியலையா?"

"இல்ல ஷமீமா."

"எப்போ இருந்து?"

"அப்போ இருந்தேதான்."

ஷமீமா டீ கப்பைக் கீழே வைத்தார். "அப்போ மே மாசம்? ஒருத்தர் வாயில ட்ரில்ல விட்டுட்டு அங்கயும் இப்படிப் பார்த்துட்டே இருக்கலாம்னு நினைச்சீங்களா? அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" போர்வையை உதறித் தள்ளினார். "நான் ஊரெல்லாம் மெசேஜ் அனுப்பிட்டு உக்காந்திருக்கேன்."

"உன்கிட்ட சொல்லிட்டா அது நெஜமாயிடும்னு பயமா இருந்துச்சு" என்றார் ஜமால்.

ஷமீமா எழுந்து வந்து அவர் நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவருடைய வலது கையை எடுத்தார். ஆள்காட்டி விரல் நுனியில் தன் நகத்தை அழுத்தினார்.

"இது?"

"இல்ல."

நடு விரல். "இது?"

"இல்ல."

ஒவ்வொரு விரலாக. பிறகு விரல் மடிப்பில். பிறகு உள்ளங்கையில். "இது?" "மங்கலா." மெதுவாகக் கீழே நகர்ந்து மணிக்கட்டுக்கு வந்தார்.

"இங்க?"

"இங்க தெரியுது."

ஷமீமா கையை அங்கேயே வைத்துக்கொண்டார். பனி விலகத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு மரமாக வெளியே வந்தது. ஜமாலின் மஞ்சள் நரம்பு இன்னொரு முறை தளர்ந்து தொங்கியதை நான் மட்டும் பார்த்தேன். சொல்லவில்லை. அந்த மீன் பிழைத்துப் போகட்டும்.

திங்கட்கிழமை காலையில் ஷமீமா ஒவ்வொரு பேஷன்ட்டாக ஃபோன் செய்தார். ஜமால் படுத்திருந்தபோது கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள வந்து போய்க்கொண்டிருந்த இன்னொரு டாக்டர் இப்போது முழு நேரமும் வருகிறார். கருவி எடுக்கிற வேலையெல்லாம் அவருடையது. எக்ஸ்ரே பார்ப்பது, என்ன செய்யலாம் என்று யோசிப்பது, பயந்து நடுங்குகிறவர்களிடம் பேசுவது... இவை ஜமால். முதல் வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ட்ரில் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கிங் லாட்டுக்குப் போய்விடுவாராம். இப்போது சில நாள் போகிறார், சில நாள் போவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்.

போன மாதம் ஒரு செக்கப்புக்குப் போனேன். பக்கத்து அறையில் ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஜமாலின் குரல், அதனோடு ஏரியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் நிற்கிற மரங்களைப் பற்றி. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. எனக்கே தூக்கம் வந்தது.

ஆக, க்ராப்பிக்கு எந்த லைன்? நன்றாக இருக்கிற ஒரு கைக்கு எது நல்லது என்றுதான் நாம் கேட்கிறோம். கை யாருடையது என்று முதலில் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. லைனுக்கு மட்டுமா?

சனிக்கிழமைகளில் இப்போது ஜமாலும் ஷமீமாவுமே ஏரிக்குப் போய்விடுகிறார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். "எடம் இல்லையே எழுத்தாளரே" என்றார் ஜமால்.

அந்த மேடையில் ஒரு கல்யாணப் பந்தியே போடலாம்!