வேலையில்லாதவள் என்று என்னை வாழ்த்தியவர்

மயிலாப்பூரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஸ்டெல்லாவின் பெயர் வந்தது. “சொல்லுங்க ஆபீசர்!” என்று வழக்கம்போல் கூவினேன். பேசியது அவர் தம்பி. “அக்கா ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க.” காய்கறிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து அழுதேன். ஆனால் நண்பர்களே, அந்த மனுஷியை நினைத்துக்கொண்டு சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் அழ முடியுமா? எனக்கு முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.

நாட்டில் எத்தனை ஆண்களுக்கு வேலையில்லை, எத்தனை பெண்களுக்கு, எந்த வயதில், எவ்வளவு காலமாக என்று அரசாங்கம் எடுக்கும் கணக்குக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர் ஸ்டெல்லா. கோபாலபுரத்தில் எங்கள் வீடும் அதில் அகப்பட்டது. முந்திக்கொண்டு பதில் சொன்னவர் என் கணவர். “ஒய்ஃப் வீட்லதான் இருக்கா.”

“அதை அவங்க சொல்லட்டும் சார்” என்று ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினார். போன வாரம் வேலை தேடினேனா? இல்லை. கிடைத்தால் போவேனா? பிரசவத்துக்காகக் கணக்கு எழுதும் வேலையை விட்டவள் நான். பையனுக்கு மீசையே முளைத்துவிட்டது. அதுவரை ஒரு ஜீவனும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. “இனிமே எங்க போறது, விடுங்க” என்றேன்.

அவர் செருப்பு மாட்டும்போது சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன். “அப்ப நான் வேலையில்லாதவங்க கணக்குல வருவேனா மேடம்?”

“வரமாட்டீங்க. நீங்க தேடலை, கெடைச்சாலும் போகமாட்டேன்னுட்டீங்க. அதுல சேர்த்தி இல்ல.”

எனக்கு வந்ததே கோபம்! வேலைதான் இல்லை, வேலையில்லாதவள் என்ற பெயருமா எனக்குக் கிடையாது? அன்று சாம்பார் வாயில் வைக்க முடியாமல் போனது அதனால்தான்.

அப்போதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக ஒரே வீட்டுக்கு நான்கு தடவை வருவார்கள். அடுத்த முறை, அவர் உட்கார்ந்ததுமே “தேடறேன்” என்றேன். கணக்கெடுக்க வந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத கறார்க்காரர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “வாழ்த்துகள்! இன்னிலேர்ந்து நீங்க முறைப்படி வேலையில்லாதவங்க!” நாங்கள் சிரித்த சிரிப்பில் என் கணவர் பேப்பரை மடித்துவிட்டு, “இதுக்கு எதுக்கு இவ்ளோ கொண்டாட்டம்?” என்று திருதிருவென்று விழித்தார்.

மூன்றாம் முறை அவர் வந்தபோது துவண்டு கிடந்தேன். தி. நகரில் நான் ஏறாத படி இல்லை. போன இடமெல்லாம் ஒரே பல்லவி: “இத்தனை வருஷம் கேப் விழுந்துடுச்சே மேடம்!” தேடுவதை விட்டுவிட்டேன், இனிக் கிடைத்தாலும் போவதாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்வார் என்று பார்த்தால், “சரி” என்று பதிந்துகொண்டு எழுந்துவிட்டார்.

“அவ்ளோதானா?”

“நீங்க சொன்ன பதிலை நான் மாத்தக் கூடாதும்மா. நீங்கதான் மாத்தணும்.”

கல்நெஞ்சுக்காரி! அந்த ஆத்திரத்தில் மறுநாளே கிளம்பினேன். சில வாரங்களில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுத எடுத்துக்கொண்டார்கள்.

கடைசி முறை வந்தபோது அதைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் பதிந்து முடித்தார். பையை மூடிவிட்டு, “உங்க வீட்டுக் கணக்கு முடிஞ்சுது. இனிமே நான் ஆபீசர் இல்ல. ஒரு காபி குடுங்க, நல்லா ஸ்ட்ராங்கா!” என்றார். அந்தக் காபியில் தொடங்கியதுதான் எங்கள் நட்பு.

பெசன்ட் நகர் மாதா கோவிலில் அடக்கப் பூசையன்று இடம் கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் அவர் கேள்வி கேட்ட வீட்டுக்காரர்கள். என் பக்கத்தில் பாலவாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அம்மா. “எங்க வூட்டுக்காரு, ‘இவ இன்னா வேலைக்கா போறா’ன்னாரு. நான் மீன்கூடைய எறக்கிக்கினு அங்கயே நிக்கிறேன்! இந்தம்மா அவர ஒரு பார்வை பாத்து சிரிச்சாங்க பாரு, மனுசன் கூடைய அவரே தூக்கினு போயி உள்ள வச்சாரு!” இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தோம். பிறகு அவர் கேட்டார்: “ஆமா, நீ இன்னா பண்ணிக்கினு கீறே?”

போன மாதம் பாத்திரக்கடையை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய பொம்பளைக்கு இனி யார் வேலை கொடுப்பார்கள் என்று குன்றிப்போய், யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தேன். ஸ்டெல்லாவிடம்கூட நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். இனி அவரிடம் சொல்ல முடியாது. ஆனால் வெட்கப்படாமல் வாய்விட்டுச் சொல்லும் தைரியம் அவர் கொடுத்தது. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கவே சொன்னேன். “வேலை தேடறேன்க்கா!”