மனசு அடிச்சுக்கிச்சாம்

“மனசு அடிச்சுக்குது” என்பதற்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. வரப்போகிற கெடுதல் நெஞ்சுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஆனால் அதை முன்கூட்டிச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. எல்லாம் நடந்து முடிந்தபின், காபி டம்ளரும் கையுமாக உட்கார்ந்து, “அன்னிக்கே அடிச்சுக்கிச்சு” என்பார்கள்.

என் கணவருக்கு ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில் வேலை. நாங்கள் இருக்கும் போலாரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில்தான் போவார். ஒரு நாள் காலை, ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் லாரி மோதி இறந்துபோனார்.

காரியத்துக்கு வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். வேலூரிலிருந்து வந்த நாத்தனாருக்கு அன்று விடிந்ததிலிருந்தே மனசு அடித்துக்கொண்டதாம். சித்தப்பா ஒருவருக்கு இடது கண் துடித்ததாம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள், “மனசு கீடு சங்கிஞ்சிந்தி” என்றார். அவர் மனசும் கெடுதியை மோப்பம் பிடித்துவிட்டதாம். யாருக்கு அதிகம் அடித்துக்கொண்டது என்று ஏலம் விடாத குறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆறாவது படிக்கும் என் மகளுக்குத் தமிழ் புரியும், பதில்தான் ஹிந்தியில் வரும். “மம்மி, அத்தை கா மனசு கிஸ்கோ அடிச்சுக்கிச்சு?” என்று காதில் கேட்டாள். அத்தையின் மனசு யாரை அடித்தது என்கிறாள், பாவம்.

“யாரையும் இல்லடி. நமக்கு வேண்டியவங்களுக்கு ஒண்ணு ஆகப்போறது முன்னாடியே தெரியறது.”

அப்போதுதான் ஒரு பெரியம்மா என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, கட்டிக்கிட்டவ நீ, உனக்கு ஒண்ணுமே தோணலியா?”

ஹாலே என்னைப் பார்த்தது. என்னத்தைச் சொல்ல? அன்று அவர் ஆபீஸ் கிளம்பியபிறகு நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது காபி போட்டுக் குடித்தேன். போன் வந்தபோது பால்கனியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு துடிப்புகூட இல்லை. அவர்மேல் எனக்கு இருந்தது இவ்வளவுதானா?

நாத்தனார்தான் முந்திக்கொண்டாள். “அண்ணிக்குத் தோணாம இருக்குமா? வெளிய சொல்லிக்கல, அவ்ளோதான்.”

“ஆமா, அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு” என்றேன். உடனே எல்லோரும் அழுதார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மத்தியானம் மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள். நாத்தனார் மட்டும் உள் அறையில் படுத்திருந்தாள். மகள் அடுக்களைக்கு வந்து நின்றாள்.

“தும்கு மாலூம் தா?” உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டாள். “ஃபிர் டாடி கு கைக்கு நை ரோகே?”

தெரிந்தும் அப்பாவை ஏன் நிறுத்தவில்லை என்கிறாள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

“இல்லடி கண்ணு, எனக்கு எதுவும் தோணல. அவங்க கேட்டாங்கன்னு சும்மா சொன்னேன். சத்தியமா ஒண்ணுமே தோணல.”

“குச் பி நை?” ஒன்றுமேவா?

“ஒண்ணுமே.”

என் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அத்தையின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.